சைரன் ஊதினால் எங்கே போவது?

கேள்வி: போன ஆகஸ்டில் சென்னையிலிருந்து ஓக்லஹோமா சிட்டிக்கு வந்தோம். கணவர் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறார். மூன்று தள அபார்ட்மென்ட்டில் நடுத்தளத்தில் இருக்கிறோம். இந்த ஏப்ரலில் இரண்டு முறை நள்ளிரவில் டொர்னாடோ (சுழல்காற்று) எச்சரிக்கை என்று போன் அலறியது, வெளியே சைரனும் ஊதியது. ஐந்து வயது மகள் அதிலிருந்து இடிச் சத்தம் கேட்டாலே அழுகிறாள். கணவர் பால்கனியில் நின்று வீடியோ எடுக்கிறார். எங்களோடு இருக்கும் மாமியாருக்கு ஊர் வேதாரண்யம். "கஜாவையே பார்த்தாச்சு, இது என்ன" என்கிறார், பாத்ரூமுக்குள் போய் உட்கார மாட்டேன் என்றும் அடம் பிடிக்கிறார். நான் மட்டும் நான்கு ஆப், டிவி, வாட்ஸ்அப் என்று விடிய விடியப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காரில் ஏறி எங்காவது போய்விடலாமா என்று ஒரு முறை சாவியைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன். பேசாமல் டாலஸுக்கே மாறிவிடலாமா? அடுத்த வருடம் வசந்தத்தில் என் பெற்றோர் வருவதாக இருக்கிறார்கள். வரச் சொல்லலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் தகவல் வரும் வழிகள் நிறைய இருக்கின்றன. போய் ஒதுங்க ஓர் இடம் மட்டும் எங்குமே இல்லை. வானிலை முன்னறிவிப்பு வேலையில் பல வருடங்களாக இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், பயத்தில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. எங்கே போவது என்று முடிவாகாதவரை ராடாரில் தெரியும் ஒவ்வொரு சிவப்புப் புள்ளியும் உங்களை உலுக்கும். இடம் முடிவாகிவிட்டால் அதே ராடார் "இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது" என்று மட்டும் சொல்லும். எனவே முதலில் இடத்தைப் பார்ப்போம்.

டொர்னாடோவுக்கு ஒதுங்க வேண்டிய இடத்துக்கு விதி எளிது: கட்டடத்தின் மிகக் கீழ்த்தளம், அதன் நடுப்பகுதி, சின்ன அறை, ஜன்னல் கூடாது. உங்களுக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே எத்தனை சுவர் இருக்கிறதோ அத்தனை நல்லது. பாத்ரூமைச் சொல்வதற்குக் காரணம், அது பெரும்பாலும் சின்னதாக, உள்ளே தள்ளி, ஜன்னல் இல்லாமல் இருக்கும் என்பதுதான். துணி வைக்கும் உள் கிளாசெட்டும் மாடிப்படிக்குக் கீழே உள்ள அறையும் அதே வேலையைச் செய்யும். ஆகவே மாமியாரோடு பாத்ரூம் விஷயத்தில் சண்டை வேண்டாம், கிளாசெட் போதும்.

ஆனால் அது உங்கள் நடுத்தளத்தில் இருக்கும் கிளாசெட்டாக இருக்கக் கூடாது. இங்குள்ள அபார்ட்மென்ட்கள் மரச்சட்டத்தில் கட்டியவை, பலத்த டொர்னாடோவில் மேல்தளங்கள்தான் முதலில் போகும். உங்களுக்கு நேர் கீழே இருப்பவர் யார் என்று தெரியுமா? தெரியாது என்றால் இந்த வாரமே ஒரு டப்பாவில் ஏதாவது பலகாரம் எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டுங்கள். "வார்னிங் வந்தால் உங்கள் வீட்டு உள் கிளாசெட்டுக்கு நாங்கள் நாலு பேர் வரலாமா?" என்று நேராகவே கேளுங்கள். ஓக்லஹோமாவில் இது வித்தியாசமான கேள்வி இல்லை. இங்கே வளர்ந்தவர்கள் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், பெரும்பாலும் அவர்களே உங்களுக்குப் பத்து யோசனை சொல்வார்கள். அப்புறம் லீசிங் ஆபீஸிலும் ஒரு வார்த்தை கேளுங்கள், சில வளாகங்களில் தரைத்தளத்தில் இதற்கென்றே அறை ஒதுக்கியிருப்பார்கள். "கிளப் ஹவுஸுக்கு வாருங்கள்" என்று சொன்னால் மட்டும் போய் ஒரு முறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அகலமான கூரையும் கண்ணாடிச் சுவரும் உள்ள கூடம் உங்கள் வீட்டைவிட மோசமான இடம்.

நகராட்சி திறந்துவைக்கும் பொதுப் பதுங்கிடத்தை நம்ப வேண்டாம். ஓக்லஹோமா சிட்டியில் அப்படி எதுவும் கிடையாது. தனி வீடு வைத்திருப்பவர்கள் கராஜ் தரைக்குள் இரும்புப் பெட்டி மாதிரி ஒரு பதுங்கறை போட்டிருப்பார்கள். அப்படி ஒரு நண்பர் வீடு பக்கத்தில் இருந்தால் நல்லதுதான். ஆனால் அங்கே போவதென்றால் வானம் தெளிவாக இருக்கும்போதே போய்விட வேண்டும். சைரன் ஊதிய பிறகு கிளம்பக் கூடாது.

அடுத்து கார். நீங்கள் சாவியை எடுத்ததாக எழுதிய வரிதான் என்னை அதிகம் கவலைப்படுத்தியது. 2013 மே 20 அன்று உங்கள் ஊருக்குத் தெற்கே ஒட்டியிருக்கும் மூர் நகரத்தை ஈஎஃப்-5 டொர்னாடோ தாக்கியது (டொர்னாடோவின் வலுவை ஈஎஃப்-0 முதல் ஈஎஃப்-5 வரை அளப்பார்கள், 5தான் உச்சம்). 24 பேர் இறந்தார்கள், அதில் 7 பேர் ஒரே பள்ளியில் இருந்த குழந்தைகள். அந்தப் பயம் ஆறாத நிலையில், 11 நாள் கழித்து மே 31 மாலை, மேற்கே எல் ரீனோ பக்கம் இன்னொன்று இறங்கியது. 2.6 மைல் அகலம், இதுவரை அளந்ததிலேயே அகலமானது அதுதான். வீட்டில் இருந்தால் செத்துவிடுவோம் என்று நினைத்து ஏராளமானோர் கார்களில் கிளம்பினார்கள். நெடுஞ்சாலைகள் அப்படியே உறைந்தன. டொர்னாடோ நகரத்தின் நடுவே வராமலே கலைந்துவிட்டது. வந்திருந்தால் வரிசையாக நின்ற கார்களின் மேல்தான் வந்திருக்கும். அன்றிரவு டொர்னாடோவில் இறந்தவர்களைவிடப் பெருவெள்ளத்தில் இறந்தவர்கள் அதிகம், வடிகாலுக்குள் ஒதுங்கியவர்களும் அதில் உண்டு.

டாலஸ் என்கிறீர்கள். 2015 டிசம்பர் 26 இரவு டாலஸை ஒட்டிய கார்லண்ட், ரோலட் பகுதியில் ஈஎஃப்-4 டொர்னாடோ வந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் நெடுஞ்சாலைச் சந்திப்பில் கார்களில் இருந்தவர்கள். அமெரிக்காவிலேயே ஆண்டுச் சராசரியில் அதிக டொர்னாடோ பதிவாகும் மாநிலம் டெக்சஸ்தான், மாநிலம் பெரியது என்பதும் ஒரு காரணம். வேலை, பள்ளி, சொந்தக்காரர்கள் என்று வேறு காரணம் இருந்தால் டாலஸுக்குப் போங்கள். டொர்னாடோவுக்குப் பயந்து போவது வீண் செலவு, அங்கேயும் இதே ஏப்ரல், இதே சைரன்.

சாலையில் இருக்கும்போது வார்னிங் வந்தால் என்ன செய்வது? அருகில் உள்ள உறுதியான கட்டடத்துக்குள் போய்விடுங்கள். பெட்ரோல் பங்க் கடையோ பெரிய சூப்பர் மார்க்கெட்டோ எதுவானாலும், உள்ளே கழிப்பறைப் பக்கம் போங்கள். மேம்பாலத்துக்கு அடியில் மட்டும் நிற்காதீர்கள். பாலத்தின் கீழ் காற்று குறுகிய வழியில் பாயும், பறந்து வரும் பொருட்களும் அங்கேதான் வந்து சேரும். 1999 மே 3 அன்று இதே ஓக்லஹோமாவில் மேம்பாலங்களுக்கு அடியில் ஒதுங்கிய மூன்று பேர் இறந்தார்கள்.

மாமியார் சொல்வதை அப்படியே தள்ளிவிடாதீர்கள், அதில் பாதி உண்மை இருக்கிறது. இங்கே வரும் டொர்னாடோக்களில் பெரும்பாலானவை ஈஎஃப்-0, ஈஎஃப்-1 வகை. காற்றின் வேகம் மணிக்கு 105 முதல் 177 கிலோமீட்டர் வரை. 2018 நவம்பரில் கஜா வேதாரண்யத்தில் அடித்த காற்றும் அந்த வரிசையில் வரக்கூடியதுதான், அதையும் மணிக்கணக்கில் தாங்கியவர் அவர். ஆனால் கஜாவுக்கு ஒரு பெயர் இருந்தது, எப்போது எங்கே கரை கடக்கும் என்று நாட்கணக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், முகாமுக்குப் போக நேரம் இருந்தது. டொர்னாடோ பல சமயம் சில நூறு மீட்டர் அகலத்தில் வந்து பத்து நிமிடத்தில் முடிந்துபோகும். வார்னிங்குக்கும் அது வந்து சேர்வதற்கும் நடுவே கிடைப்பது சராசரியாகப் பத்து நிமிடம்தான். நூற்றில் ஒன்றிரண்டு ஈஎஃப்-4, 5 ஆக மாறும். ஈஎஃப்-5 என்றால் மணிக்கு 320 கிலோமீட்டருக்கு மேல். சாவுகளில் பெரும்பகுதி அந்த ஒன்றிரண்டால் வருவது. எது எந்த வகை என்று பால்கனியில் நின்று பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. இதை உங்கள் கணவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். ராத்திரியில், மழைத் திரைக்குள் மறைந்து வரும் டொர்னாடோவை கேமராவில் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. மின்கம்பிகள் அறுந்து பச்சை வெளிச்சம் அடித்தால்தான் தெரியும், அதற்குள் அது பக்கத்துத் தெருவில் இருக்கும்.

இனி அந்த விடிய விடிய விழிப்பு. இதைக் குறைக்க முடியும், ஏனென்றால் இந்த வானிலை சொல்லிவிட்டுத்தான் வருகிறது. வசந்தத்தில் மெக்சிகோ வளைகுடாவிலிருந்து ஈரக்காற்று வடக்கே ஏறி வரும். மேற்கே மேட்டுநிலத்திலிருந்து வறண்ட காற்று இறங்கும். மேலே வெகு உயரத்தில் குளிர்ந்த வேகக் காற்று ஓடும். தரையில் தெற்கிலிருந்தும் மேலே மேற்கிலிருந்தும் காற்று வீசுவதால் நடுவில் உள்ள காற்று படுக்கைவாட்டில் உருள ஆரம்பிக்கும். மாலை வெயிலில் சூடேறி மேலே எழும்பும் மேகம் அந்த உருளலை நிமிர்த்தி நிறுத்தும்போது சூப்பர்செல் என்ற சுழலும் இடிமேகம் உண்டாகிறது. இத்தனையும் ஒரே இடத்தில் கூடுவது சில நாட்களுக்கு முன்பே கணினி மாதிரிகளில் தெரிந்துவிடும். எந்தத் தெருவில் இறங்கும் என்பது மட்டும் கடைசி வரை தெரியாது.

அதனால் காலையில் ஒரு முறை, புயல் கணிப்பு மையத்தின் வரைபடத்தைப் பாருங்கள். அந்த மையம் உங்கள் ஊரிலிருந்து அரை மணி நேர தூரத்தில், நார்மனில்தான் இருக்கிறது. ஐந்து படிகளில் அபாயத்தைச் சொல்வார்கள். ஒன்று, இரண்டு என்றால் வழக்கமான வசந்தம், வேலையைப் பாருங்கள். மூன்றுக்கு மேல் என்றால் மாலை ஷாப்பிங்கைத் தள்ளிவையுங்கள், போனை முழுக்க சார்ஜ் செய்யுங்கள், கீழ்வீட்டுக்காரர் ஊரில் இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்து வந்தாலும் அது விதியெழுத்து இல்லை. 2019 மே 20 அன்று ஐந்தாம் படி அறிவித்தார்கள், பள்ளிகளையும் மூடினார்கள், நகரத்துக்கு எதிர்பார்த்த அளவு ஒன்றும் வரவில்லை.

பிறகு டொர்னாடோ வாட்ச் வரும், அதாவது டொர்னாடோ உருவாகக்கூடிய சூழல் இருக்கிறது என்ற அறிவிப்பு. பல கவுண்ட்டிகளுக்குச் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) சேர்த்து, சில மணி நேரத்துக்கு. இப்போது சாப்பாட்டை முடித்துவிட்டு எல்லோரும் செருப்புக்குப் பதில் ஷூ போட்டுக்கொண்டு இருப்பது போதும். கீழ்வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டால் மாமியாரை இந்தக் கட்டத்திலேயே கீழே அனுப்பிவிடலாம், வயதான காலத்தில் ராத்திரி படியிறங்கும் அவசரம் இருக்காது.

டொர்னாடோ வார்னிங் என்றால் டொர்னாடோ கண்ணிலோ ராடாரிலோ தென்பட்டுவிட்டது என்று அர்த்தம். அது வந்தால் பார்ப்பதை நிறுத்திவிட்டு இறங்குங்கள். இங்கேதான் படித்தவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். வார்னிங் வந்ததும் அதை உறுதிப்படுத்த டிவி, டிவியை உறுதிப்படுத்த ஆப், அதற்கப்புறம் ஜன்னல். 2011 மே 22 அன்று மிசூரி மாநிலம் ஜாப்லினில் 150க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு அரசு ஆய்வாளர்கள் மக்களிடம் பேசினார்கள். முதல் சைரனைக் கேட்டதும் பெரும்பாலோர் ஒதுங்கவில்லை, இன்னொரு இடத்திலிருந்து உறுதி வரட்டும் என்று காத்திருந்தார்கள் என்பது அதில் தெரியவந்தது. அடிக்கடி ஊதும் சைரன் பழகிப்போனதும் ஒரு காரணம். பத்து வார்னிங்கில் சுமார் ஏழு, டொர்னாடோ இல்லாமலே முடியும் என்பது உண்மைதான். ஏழு தடவை சும்மா கீழே போய்விட்டு வருவது நஷ்டமா என்ன? கால் மணி நேரம், கொஞ்சம் தூக்கம்.

சைரன் வெளியில் இருப்பவர்களுக்காக வைத்தது, மூடிய வீட்டுக்குள் இடிமழைச் சத்தத்தில் அதை நம்பித் தூங்க முடியாது. போனில் அரசு அவசர எச்சரிக்கைகள் அணைக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள். அதோடு பேட்டரியில் ஓடும் வானிலை ரேடியோ ஒன்று வாங்கி, உங்கள் கவுண்ட்டிக்கு மட்டும் அலறும்படி அமைத்துப் படுக்கையறையில் வையுங்கள். அது அலறினால் எழுந்தால் போதும், அதுவரை தூங்கலாம். நான்கு ஆப்களில் மூன்றை நீக்கிவிடலாம். வாட்ஸ்அப் குழுவில் வரும் டொர்னாடோ வீடியோக்களில் பாதி வேறு வருடத்தில், வேறு மாநிலத்தில் எடுத்தவை. அந்தக் குழுவை மே முடியும்வரை மியூட்டில் போடுவது என் சொந்த சிபாரிசு.

புதிதாக வந்தவர்களுக்கு யாரும் சொல்லித்தராத ஒன்று உண்டு. எச்சரிக்கைகள் கவுண்ட்டி பெயரால்தான் வரும். பலருக்கு அபார்ட்மென்ட் பெயர் தெரியும், ஜிப் கோடு தெரியும், கவுண்ட்டி தெரியாது. நகரத்தின் பெரும்பகுதி ஓக்லஹோமா கவுண்ட்டியில் இருக்கிறது. மேற்கே சில பகுதிகள் கனேடியன் கவுண்ட்டி, தெற்கே கிளீவ்லாண்ட். உங்களுடையது எது என்று வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். இந்தப் புயல்கள் பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வடகிழக்காக நகரும். ஆகவே தென்மேற்கே இருக்கும் கிரேடி கவுண்ட்டியிலும் கனேடியன் கவுண்ட்டியிலும் என்ன நடக்கிறது என்று காதில் விழுந்தால், அடுத்த ஒரு மணி நேரத்தில் உங்கள் பக்கம் என்ன வரலாம் என்று ஓரளவு தெரிந்துவிடும். உள்ளூர் டிவிக்காரர்கள் ஹெலிகாப்டரில் பறந்துகொண்டே, எந்தத் தெருச் சந்திப்பை எத்தனை மணிக்குத் தொடும் என்று சொல்வார்கள். அதற்குப் பக்கத்துப் பெரிய சாலைகளின் பெயர்கள் தெரிந்திருக்க வேண்டும்.

பையில் என்ன வைப்பது என்று ஆளாளுக்கு நீளமான பட்டியல் தருவார்கள். நான் குறைவாகவே சொல்வேன். பாஸ்போர்ட்கள், விசா ஒப்புதல் தாள், மாமியார் சாப்பிடும் மாத்திரைகள், மூக்குக்கண்ணாடி, டார்ச், பவர் பேங்க், ஒரு விசில். எல்லாம் தண்ணீர் புகாத ஒரே பையில், வாசல் கதவுக்குப் பக்கத்தில். தலைக்கு ஹெல்மெட் முக்கியம். டொர்னாடோவில் பெருங்காயங்கள் பறந்து வரும் பொருட்களால்தான், அதில் தலையில் படுவது ஆபத்து. மகளின் சைக்கிள் ஹெல்மெட், கணவர் வாரயிறுதியில் கிரிக்கெட் ஆடுபவர் என்றால் அந்த ஹெல்மெட், எதுவானாலும் சரி. ஜன்னல்களைத் திறந்துவைத்தால் வீடு வெடிக்காது என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள், அந்த நேரத்தில் ஜன்னல் பக்கம் போவதே தவறு.

பணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் நிலையில் அது முக்கியம். தற்காலிக விசாவில் இருப்பவர் தன் பெயரில் அமெரிக்க அரசின் பேரிடர் உதவி அமைப்பான ஃபீமாவின் பண உதவி கேட்க முடியாது. வீட்டில் அமெரிக்கக் குடியுரிமை உள்ள குழந்தை இருந்தால் அந்தக் குழந்தையின் பேரில் விண்ணப்பிக்க வழி உண்டு. உங்கள் மகள் இந்தியாவில் பிறந்தவள் என்றால் அதுவும் இல்லை. செஞ்சிலுவைச் சங்கத்தின் முகாமில் விசா கேட்க மாட்டார்கள், தங்கவும் சாப்பிடவும் உதவி கிடைக்கும். வீட்டுச் சாமான்களுக்கு, வாடகைக்கு இருப்பவர்கள் எடுக்கும் ரென்டர்ஸ் இன்சூரன்ஸ்தான் துணை. மாதத்துக்கு ஓட்டலில் ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவுதான் ஆகும், வீடு வாழத் தகுதியில்லாமல் போனால் வேறு இடத்தில் தங்கும் செலவையும் பெரும்பாலான பாலிசிகள் தரும். கார் பாலிசியில் காம்ப்ரிஹென்சிவ் (மோதல் அல்லாத சேதத்துக்கான பகுதி) இருக்கிறதா என்றும் பாருங்கள், அது இல்லாமல் ஆலங்கட்டி மழைக்கு ஒரு டாலர்கூட வராது. டொர்னாடோவைப் பார்க்காமலே இங்கே பல வருடம் இருந்துவிடலாம், ஆலங்கட்டியிடமிருந்து உங்கள் கார் தப்புவது கஷ்டம். போனில் வீடு முழுவதையும் ஒரு வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கணவருக்கு வீடியோ ஆசையும் தீரும்.

மகளைப் பற்றி. குழந்தை மனநலம் என் துறை இல்லை. வெயில் காலம் வந்த பிறகும் தூக்கம் கெட்டால் அவளுடைய டாக்டரிடம் சொல்லுங்கள். நான் பார்த்தவரை, வேலை கொடுத்த குழந்தைகள் அவ்வளவு பயப்படுவதில்லை. டார்ச் அவள் பொறுப்பு என்று சொல்லிவிடுங்கள். வெயில் அடிக்கும் ஒரு மாலையில் ஹெல்மெட் மாட்டி, பாட்டி கையைப் பிடித்து, கீழே போய் உட்கார்ந்து பாருங்கள், எத்தனை நிமிடம் ஆகிறது என்று அவளே எண்ணட்டும். "ஒன்றும் வராது" என்று சத்தியம் செய்யாதீர்கள், அடுத்த முறை சைரன் ஊதினால் உங்கள் வார்த்தை எடுபடாது. "காற்று வந்தால் நாம் கீழே போவோம்" என்பது ஐந்து வயதுக்குப் புரியும். அடுத்த வருடம் பள்ளி நேரத்தில் வார்னிங் வந்தால் அவளைக் கூட்டிவரக் கிளம்பாதீர்கள். பிள்ளைகளை உள்ளே வைத்துக்கொள்ளத்தான் அவர்கள் பயிற்சி எடுத்திருக்கிறார்கள். மூருக்குப் பிறகு இங்கே நிறையப் பள்ளிகள் பதுங்கறை கட்டிவிட்டன. உங்கள் பள்ளியில் இருக்கிறதா என்று இப்போதே கேட்டுவையுங்கள்.

கடைசியாக உங்கள் பெற்றோர். ஓக்லஹோமாவில் உச்சம் மே மாதம், ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் முதல் பாதி வரை மும்முரம். டிக்கெட் இன்னும் போடவில்லை என்றால் செப்டம்பர் பாதிக்கு மேல் வரச் சொல்லுங்கள். அப்போது வெயிலும் தணிந்திருக்கும், இலையுதிர் காலத்திலும் எப்போதாவது ஒன்று வரும் என்றாலும் வசந்தம் அளவுக்கு இல்லை. விடுமுறை வசந்தத்தில்தான் கிடைக்கிறது என்றால் அதற்காக ரத்து செய்ய வேண்டாம். வந்து இறங்கியதும் கீழ்வீட்டுக்காரரை அறிமுகப்படுத்துங்கள். வானம் தெளிவாக இருந்தால் ஓக்லஹோமா சிட்டியில் சனிக்கிழமை பகல் 12 மணிக்குச் சைரனை ஊதிச் சோதிப்பார்கள், அதையும் வெள்ளிக்கிழமையே சொல்லிவிடுங்கள். உங்கள் லீஸ் ஆகஸ்டில் முடிகிறது என்று நினைக்கிறேன். புதுப்பிக்கும்போது அதே வளாகத்தில் தரைத்தளம் காலியிருக்கிறதா என்று கேளுங்கள், வாடகை கொஞ்சம் கூடினாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.